மார்கழியில் வந்த மகாராணி

முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டும், நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடிக்கொண்டும் காலம் தள்ளும் என் சக வயதினரே, உங்களிடம் ஒரு கேள்வி. இங்கிலாந்து மகாராணி வருடா வருடம் கிறிஸ்துமஸ் அன்று டிவியில் தோன்றித் தன் மக்களுக்குப் பத்து நிமிடம் உரை ஆற்றுவாரே, அதை ராஜா அண்ணாமலைபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, பாதிச் சண்டையில் ஒரு தமிழ்ப் படத்தை நிறுத்திவிட்டு, உங்களில் யாராவது பார்த்ததுண்டா? எனக்கு அந்த பாக்கியம் கிடைத்தது. இன்னும் ஒழுங்காகச் சொன்னால், பார்ப்பதற்கென்று ஒரு மாதம் திட்டம் போட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து, பார்க்க வேண்டிய நான்கு விநாடியை மட்டும் பார்க்காமல் விட்டேன். என் வாழ்க்கையின் பல முக்கியக் கட்டங்களில் இதையேதான் செய்திருக்கிறேன் என்பதால் இதைத் தனியாக ஒரு குறையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சென்னை அப்போது மெட்ராஸ். எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்து இரண்டாவது மார்கழி. எனக்குப் பதினொரு வயது. ரெட்டைப் பின்னல், பச்சை ரிப்பன், பூகோளத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். இந்தக் கடைசித் தகவலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரியத்தைக் கெடுத்தது அதுதான்.

எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் எதிர் ஃப்ளாட்டில் ஒரு மாமாவும் மாமியும். மாமா கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். கூடத்தில் அவர் படம், சந்தன மாலையோடு, டிவிக்கு நேர் மேலே தொங்கும். அந்த வீட்டில் டிவி பார்ப்பவர்கள் எல்லாரையும் அவரும் பார்த்துக்கொண்டிருப்பார். மாமாவுக்கு வெள்ளைக்காரர்கள் மேல் இருந்த கோபம், அவர்கள் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் கொதி அடங்காமல் இருந்தது. ஆனாலும் கேபிள் போட்டுக்கொண்டது கிரிக்கெட் பார்க்க. அது யார் கண்டுபிடித்த விளையாட்டு என்று அவரிடம் கேட்கும் தைரியம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இல்லை.

அவர்களுக்கு ஒரே பெண். டாக்டர். நாங்கள் எல்லாரும் டாக்டர் அக்கா என்போம். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனவள், அங்கேயே ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு, அதை இரண்டே வரியில் எழுதித் தெரிவித்தாள். மாமா அந்த இரண்டு வரியையும் படித்துவிட்டு, மேஜையில் இருந்த அவள் படத்தை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். “இந்த ஆத்துல இனிமே அந்தப் பேச்சு வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. மூன்று வருடமாக அந்த வீட்டில் ‘அந்தப் பேச்சு’ பேசப்படவில்லை.

எதிர் வீட்டில் பேசாத பேச்செல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. டாக்டர் அக்காவின் கடிதங்கள் எங்கள் முகவரிக்கு வரும். உள்ளே எதையும் வைத்து அனுப்ப முடியாத, மடித்து ஒட்டும் அந்த நீலத் தாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போட்டோ அனுப்பாதே என்று மாமியே சொல்லிவிட்டிருந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு என் அம்மாவிடமே கொடுத்துவிடலாம், அது துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கிடக்கும். போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கத் தனக்கு மனசு வராது என்று அவளுக்குத் தெரியும். ஆக, மூன்று வருடமாக மாமி பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடிதம் வந்திருப்பதைத் தெரிவிக்க அம்மா கதவைத் திறந்து, “மாமி, ஒரு கரண்டி உறைமோர் இருக்குமா?” என்று கேட்பாள். மாமி ஒரு டம்ளரோடு இந்தப் பக்கம் வருவாள். பதில் எழுத வேண்டுமென்றால் மாமி உறைமோர் கேட்பாள். இரண்டு வீட்டிலும் தோய்ந்த தயிரை வைத்து ஒரு பால் பண்ணையே நடத்தியிருக்கலாம். ஒரு தடவை மாமா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “நம்மாத்துலயே தயிர் புளிச்சு வழியறது. எதுக்குடி ஓயாம உறைமோர்?” என்று கேட்டார். “அவா ஆத்து மோர் வேற ருசி” என்றாள் மாமி. மாமா பக்கத்தைத் திருப்பினார்.

அந்த மார்கழி பிறப்பதற்கு முன் வந்த கடிதத்தை மாமி எங்களுக்கும் படித்துக் காட்டினாள். அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியைப் பார்க்க மகாராணி வந்தாராம். டாக்டர்களை வரிசையாக நிற்க வைத்துக் கை கொடுத்தாராம். அதைப் படம் எடுத்தவர்கள், கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ராணி பேசும்போது நடுவில் இந்தத் துண்டும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். “நம்ம ஊர்ல தெரியுமான்னு தெரியலை, அம்மா. தெரிஞ்சா நீ என்னைப் பாரு” என்று எழுதியிருந்தாள்.

மாமி நீலத் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “மூணு மணின்னா அவா மூணு மணியா, நம்ம மூணு மணியா?”

“அவா மூணு மணி” என்றேன் நான். “நான் கணக்குப் போட்டுச் சொல்றேன் மாமி.”

போட்டேன். இரண்டு ஊருக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். யார் முன்னால், யார் பின்னால் என்பதில்தான் லேசான மயக்கம். அந்த மயக்கத்தையும் பொது அறிவால் தீர்த்துக்கொண்டேன். என் காதில் விழுந்த பெரியவர்கள் எல்லாரும், வெளிநாட்டுக்காரன் நம்மைவிட எல்லாவற்றிலும் முன்னால் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எல்லாவற்றிலும் என்றால் கடிகாரத்திலும்தானே? அவர்களுக்கு மூன்று மணி ஆகும்போது பின்தங்கிய நமக்குக் காலை ஒன்பதரை. “கார்த்தால ஒன்பதரை, மாமி” என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். மாமியும் ஆட்டினாள். அவர்களும் அதே பெரியவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

மாமிக்கு அதில் சந்தோஷம் வேறு. மார்கழியில் மாமாவும் என் அப்பாவும் காலை எட்டு மணிக்கே மயிலாப்பூரில் சபாவுக்குக் கிளம்பிவிடுவார்கள்; சங்கீதத்தைப் பற்றி வித்வான்கள் பேசுவார்கள், இவர்கள் கேட்பார்கள், நடுவில் கேன்டீனில் போண்டா. ஒன்பதரைக்கு வீட்டில் மாமா இருக்க மாட்டார். ஆனால் வேறொரு சிக்கல் இருந்தது. ராணி வரக்கூடிய அந்த வெளிநாட்டுச் செய்தி சேனல் எங்கள் கேபிளில் வரவில்லை.

கேபிள் அண்ணன் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில்தான் இருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறை, வெளியே ஒரு பெரிய டிஷ், உள்ளே ஒயர்க் காடு. வீடு கால்வாய்க்கரைக் குடிசைகளில். காலர் பட்டன் போட மாட்டார், கழுத்தில் கர்ச்சீப், ஓயாமல் பாக்கு. அப்பா எனக்கு அவரோடு பேசத் தடை போட்டிருந்தார். “அவன் ரௌடி மாதிரி இருக்கான்” என்பார். ரௌடியை அப்பா எங்கே பார்த்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் மாமியும் நானும் மாடி ஏறினோம். மாமி கையில் ஒரு தட்டில் அடை. மேலே ஏறி வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே.

“இன்னா மாமி, நீங்கபோய் மேல ஏறி வந்துக்கினு? கொரலு குட்தா நானே வந்துருக்க மாட்டனா?”

“ஏம்ப்பா, கிறிஸ்துமஸ் அன்னிக்கு ராணி பேசறாளாமே. அது நம்ம டிவில வருமா?”

“எந்த ராணி?”

“இங்கிலாந்து ராணி” என்றேன்.

“இங்கிலீஷ் நியூஸ் சேனலா? அத்த தூக்கி ரெண்டு மாசம் ஆவுதே. பாக்க ஒரு ஆள் இல்ல மாமி. மனுசன் பாப்பானா அத்த? உனக்கு இன்னாத்துக்கு ராணி இப்போ?”

மாமி தட்டைத் தொட்டிச் சுவர்மேல் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூன்று வருடமாக எங்கள் வீட்டுச் சமையலறையைத் தாண்டாத விஷயம், அப்பா ரௌடி என்று சொன்ன மனிதரிடம் ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டது.

கேபிள் அண்ணன் பாக்கு மெல்லுவதை நிறுத்தினார். “டாக்டர் பாப்பாவா? டிவிக்குள்ளயா?”

“ஒரு நொடிதான் வருவாளோ என்னமோ.”

“ஒரு நொடின்னா இன்னா? அட நைனா! இத்தினி நாளா டிவில வர்றவங்கள உங்களுக்குக் காட்டிக்கினு கீறேன். என் லைன்ல கீறவங்க டிவிக்குள்ள வர்றது இதான் மொத தபா. அந்தப் பெரும எனக்கில்லயா?”

“மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுப்பா.”

“நா வாயே தொறக்க மாட்டேன் மாமி.”

அவர் வாக்கு மீறவில்லை. கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை.

அவருடைய தொழிலின் நெளிவுசுளிவை அன்றைக்குத்தான் எனக்கு விளக்கினார். எங்கள் தெருவுக்கு அவரால் ஏழு சேனல் மட்டுமே அனுப்ப முடியும். ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி, பெட்டி ஏழுதான் இருந்தது. ஆறில் எதில் கை வைத்தாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள். ஏழாவது அவருடைய சொந்த ராஜ்யம். வீடியோ டேப் போட்டுச் சினிமா காட்டுவார்; அடியில் ‘பிறந்தநாள் வாழ்த்து’ என்று எழுத்து ஓட விடுவார். ராணி வர வேண்டுமென்றால் ஏழாவது பெட்டியிலிருந்து டேப் ஓடும் மெஷினின் ஒயரைப் பிடுங்கிவிட்டு டிஷ் ஒயரைச் சொருக வேண்டும். படம் நிற்கும், ராணி வருவார். டேப்பில் பதிந்துவைக்க முடியாதா என்று கேட்டேன். இருந்தது ஒரே மெஷின், அதில் பதியும் பொத்தான் எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தது.

கிறிஸ்துமஸ் காலை வந்தது. மாமாவும் அப்பாவும் சபாவுக்குப் போனார்கள். மாமி தலைக்குக் குளித்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, டிவியின் மடக்குக் கதவுகளைத் திறந்தாள். ஒன்பதரைக்கு மாடியிலிருந்து “போட்டாச்சூ!” என்று ஒரு குரல். பழைய பக்திப் படம் ஒன்று மறைந்தது. திரையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் ஆள் வந்து, வேகவைத்த வான்கோழியை எப்படி அறுத்துப் பரிமாறுவது என்று காட்டத் தொடங்கினார்.

முட்டை போட்ட கேக்கை வாசலிலேயே நிறுத்திவிடுகிற மாமி, அந்த வான்கோழியைக் கண் கொட்டாமல் பார்த்தாள். கால் பிரிந்தது, மார்பு பிரிந்தது, குழம்பு ஊற்றப்பட்டது. கண்ணை எடுத்தால் பெண் வந்து போய்விடுவாளோ என்று பயம். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான்தான் திரையின் மூலையைப் பார்த்தேன். சின்னதாக ஒரு கடிகாரம், 04:20. நான் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது. பூகோளத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவளின் காதெல்லாம் சூடானது. நாம்தான் முன்னால் இருக்கிறோம். அவர்கள் அங்கே விடியாமல் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

“மாமி” என்று ஆரம்பித்து, மேலே சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன்.

அம்மா என் தலையில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினாள். மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “எதுக்குக் குழந்தைய அடிக்கறே? முடிஞ்சு போயிருந்துதுன்னா அழலாம். இன்னும் வரவே இல்லையேடி. ராத்திரி எட்டரைக்கு வரா. அவ்வளவுதானே?” பிறகு டிவியைப் பார்த்து, “பாவம், எவ்வளவு பெரிய கோழி” என்றாள்.

எத்தனையோ பேர் என் தப்புகளைப் பெருந்தன்மையாக மன்னித்திருக்கிறார்கள், மன்னித்ததை எனக்கு நினைவூட்டவும் தவறியதில்லை. மாமி அந்த ஒன்பதரையைப் பிறகு ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

எட்டரைக்கு மாமா கச்சேரியில் இருப்பார். ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குக் குறையாது. இந்த முறை சிக்கல் மாடியில். கேபிள் அண்ணன் ஒரு வாரமாக எழுத்து ஓட விட்டு விளம்பரம் செய்திருந்தார்: கிறிஸ்துமஸ் இரவு ஏழு மணிக்குப் புத்தம் புதிய சண்டைப் படம். கால்வாய்க்கரை மொத்தமும் அதற்காகவே சீக்கிரம் சமைத்துவிட்டுக் காத்திருந்தது.

“எட்டரைன்னா ஹீரோவ கட்டிப்போட்டு அடிக்கிற சீனு மாமி” என்றார். “அப்போ நிறுத்தினா எங்காளுங்களே சும்மா உடமாட்டானுங்க. கல்லுதான். கண்ணாடி கீது, டிஷ்ஷு கீது...”

மாமி கெஞ்சவில்லை. “சரிப்பா, உனக்கும் தொழில் இல்லையா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இரண்டு படி இறங்கினாள்.

“மாமி, நில்லு. பத்து நிமிசந்தான?”

“ஆமாம்ப்பா.”

“ஹீரோ இவ்ளோ நேரம் அடி வாங்கிக்கினு கீறான். இன்னும் பத்து நிமிசம் வாங்கட்டும். நீ போ.”

சாயங்காலம் நாலு மணிக்கு மாமாவின் சபா வேட்டியை வாங்கிவர என்னை இஸ்திரி வண்டிக்கு அனுப்பினாள் மாமி. இஸ்திரிக்காரர் பெட்டியில் கரி ஊதிக்கொண்டே, “இன்னா பாப்பா, கார்த்தால படத்த நிறுத்திட்டு யாரோ கோழி அறுக்கறத காட்னானாமே?” என்றார். என் தப்பினால் வந்த அவமானத்தைத் துடைக்க வேண்டியிருந்தது எனக்கு. “கோழி இல்லை. ராத்திரி எட்டரைக்கு ராணி வருவா. டாக்டர் அக்காவுக்கு ராணி கை குடுக்கறது வரும்” என்றேன். “மாமாகிட்ட சொல்லிடாதீங்கோ” என்றும் சொன்னேன். “சேச்சே” என்றார். அவர் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்ததோ மாமாவின் வேட்டி. “இன்னும் தீரல, நானே கொண்டாந்து தர்றேன்” என்று என்னை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். இந்தச் சின்ன விஷயத்துக்கு அன்றைக்கு நான் எந்த முக்கியத்துவமும் கொடுக்கவில்லை.

எட்டேகால். மாமி வீட்டுக் கூடத்தில் மாமி, அம்மா, நான். திரையில் ஹீரோவைத் தூணில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். மாமா.

கழுத்தில் மஃப்ளர், அக்குளில் குடை. எங்கள் மூவரையும் பார்த்தார், தூணில் கட்டியிருந்தவரையும் பார்த்தார்.

“ஏன்னா... கச்சேரி?” என்றாள் மாமி.

“வித்வானுக்குத் தொண்டை கட்டிடுத்து. பாதியிலேயே முடிச்சுட்டார்.” சாய்வு நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இது என்ன படம்?”

மாமி எழுந்து டிவியை அணைக்கப் போனாள். “இருக்கட்டும், ஓடட்டும்” என்றார் மாமா. மாமி பாதி வழியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சரியாக எட்டரைக்கு ஹீரோவின் முகத்தில் விழப்போன குத்து விழவில்லை. திரை ஒரு தரம் நீலமானது. அடுத்து ஒரு மேஜை, அதன்மேல் வரிசையாகப் புகைப்படங்கள், ஓரத்தில் அலங்கரித்த மரம், நடுவில் முத்து மாலையோடு மகாராணி. கால்வாய்க்கரைப் பக்கமிருந்து “ஓய்ய்ய்!” என்று ஒரு பெரும் கூச்சல்.

“இவ எங்க இங்க வந்தா?” என்றார் மாமா.

“நன்னா இங்கிலீஷ் பேசறா... கேளுங்கோ” என்றாள் மாமி.

ராணி நிதானமாகப் பேசினார். எங்கள் மூவருக்கும் ஒரு சொல் ஏறவில்லை. அப்போதுதான் ராணியின் முத்து மாலைக்குக் கீழே, திரையின் வலது ஓரத்திலிருந்து, இரண்டு பக்கமும் கேக் படம் போட்ட பிறந்தநாள் பட்டையில், பெரிய மஞ்சள் எழுத்துகள் நகர்ந்து வரத் தொடங்கின.

‘நமது தெரு டாக்டர் பாப்பா... மாடி வீட்டு மாமி மகள்... ராணி அம்மாவுடன்... இதோ வருகிறார்... படம் பிறகு தொடரும்... கல் எறிய வேண்டாம்... அன்புடன் உங்கள் கேபிள்...’

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவர், தட்டச்சு செய்துவிட்டார்.

எழுத்து மெதுவாக ஊர்ந்தது. சரித்திரப் பேராசிரியர் ஒரு வார்த்தை விடாமல் படிக்கத் தேவையான வேகம். மாமி டிவியிலிருந்து முகத்தைத் திருப்பி மாமாவைப் பார்த்தாள். மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்தது இப்போது வரப்போகிறது என்று அவர் முகத்தையே பார்த்தாள். அம்மா மாமியைப் பார்த்தாள். நான், மாமா எழுந்து அணைக்கப் போனால் காலைக் கட்டிக்கொள்வதா என்று யோசித்தபடி சுவர் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால்வாய்க்கரையிலிருந்து விசில் கிளம்பியது. ஒன்றிரண்டு இல்லை. முதல் நாள் முதல் காட்சியில் ஹீரோ திரையில் நுழையும்போது வருமே, அந்த விசில். கைத்தட்டல், தட்டை வைத்துத் தகரத்தில் அடிக்கும் சத்தம், யாரோ ஒரு பெண், “தோ பாரு, பொட்டு வச்சிக்கினு கீது பாரு!” என்று கத்தியது எங்கள் ஜன்னல் வரை கேட்டது. மூன்று பேரும் டிவிக்குத் திரும்பினோம். வரிசையாகக் குழந்தைகள் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

“வந்துட்டாளா?” என்றாள் மாமி. “போயிட்டாளா?”

ராணி மீண்டும் மேஜைக்கு வந்தார், பேசினார், முடித்தார். ஹீரோ தூணுக்கு வந்து சேர்ந்தார், காத்திருந்த குத்தை வாங்கிக்கொண்டார். மாமி தரையைப் பார்த்தபடி, “நான் பாக்கலையே” என்றாள், யாரிடமும் இல்லாமல். “ஒரு மாசமா காத்துண்டிருந்துட்டு, நான் பாக்கலையே.”

“பச்சைப் புடவை” என்றார் மாமா.

மாமி நிமிர்ந்தாள்.

“மாங்காய் பார்டர். மேல வெள்ளை கோட்டு போட்டுண்டிருக்கா. ஆனா பார்டர் தெரிஞ்சுது.”

“தலை தீபாவளிக்குன்னு நான் எடுத்து வச்சு, போறச்சே பெட்டில வச்சேனே, அதுவா?”

“அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? பச்சை.”

“இளைச்சிருக்காளா?”

“கோட்டுக்குள்ள எப்படித் தெரியும்?” மாமா மஃப்ளரைக் கழற்றினார், மறுபடி சுற்றிக்கொண்டார். “முடிய வெட்டிண்டுட்டா.”

“ஐயோ.”

“என்ன ஐயோ? நன்னாத்தான் இருக்கு.”

அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினாள், நாம் கிளம்பலாம் என்று. நான் எழுந்திருக்கவில்லை. மாமி நாற்காலிக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள். “ராணிகிட்ட கைய குடுத்தாளா?”

“குடுத்தா.” மாமா தலையைத் தூக்கி, சந்தன மாலைக்குள் இருந்த தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “பக்கத்துல நின்னவா எல்லாம் முழங்கால மடிச்சுக் குனிஞ்சா. இவ குனியலை. நேரா நின்னுண்டு கைய குடுத்தா.”

நான்கு விநாடி என்று பின்னால் கேபிள் அண்ணன் கணக்குச் சொன்னார். அந்த நான்கு விநாடியை மாமா இருபது நிமிடம் சொன்னார். கேட்டதையே மாமி திரும்பக் கேட்டாள், சொன்னதையே அவர் திரும்பச் சொன்னார். ஒருவேளை மாமி அதைப் பார்த்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் அப்படியொரு பேச்சு நடந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோசை வார்க்கப் போயிருப்பாள்.

பத்து மணிக்கு அப்பா வந்தார், கச்சேரி மயக்கத்தில். “என்ன பல்லவி, என்ன பல்லவி! தொண்டையா அது? ஆனா எதிராத்து மாமாவுக்கு என்ன ஆச்சு? சரியா ராகம் ஆரம்பிக்கறச்சே எழுந்து ஆட்டோ பிடிச்சுண்டு போயிட்டார்!” என்றார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அப்போது இஸ்திரி வண்டியும், தானே கொண்டுபோய்த் தருகிறேன் என்று இஸ்திரிக்காரர் சொன்ன வேட்டியும் ஞாபகம் வந்தன. வேட்டியோடு சேதியும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாமா கச்சேரிக்குப் போனதே, பாதியில் எழுந்து எட்டேகாலுக்கு வீடு வந்து சேர்வதற்காகத்தான். நேராகப் பார்க்கிறேன் என்று சொல்ல முடியாத மனிதர், வித்வானின் தொண்டையைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரைக் கல் நெஞ்சு என்று எங்கள் சமையலறையில் நாங்கள் மூன்று வருடம் பேசியிருக்கிறோம்.

எனக்கும் இப்போது மாமியின் அன்றைய வயது நெருங்குகிறது. பெரிய மகாராணிகள் பேசிய உரைகள் எதுவும் நினைவில் தங்கவில்லை. சொந்தப் படத்தை, சொந்த ஜனங்களின் எதிரில், கல்லுக்குப் பயந்துகொண்டே நிறுத்திய ஒரு மனிதரின் மஞ்சள் எழுத்து மட்டும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. அந்த எழுத்தை ஓடவிட்ட டைட்டில் மெஷின் எந்தக் காயலான் கடையில் போய்ச் சேர்ந்ததோ. கல் ஒன்றும் விழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படம் முடிந்ததும் கால்வாய்க்கரையிலிருந்து நாலு பேர் மாடி ஏறினார்களாம், அந்தப் பத்து நிமிடத்தை இன்னொரு தரம் போட முடியுமா என்று கேட்க.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் பால் பாக்கெட் எடுக்க இறங்கினேன். படிக்கட்டில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, இங்க இப்போ மணி ஏழு. அங்க என்ன?”

“மாமா, நேத்திக்கு நான்தான் தப்பா...”

“தெரியும். அதனாலதான் உன்னக் கேக்கறேன். இனிமே உனக்கு மறக்காதில்லையா? கழிக்கணுமா, கூட்டணுமா?”

“கழிக்கணும் மாமா.” விரலை மடக்கி மூன்று தரம் எண்ணினேன். “ராத்திரி ஒன்றரை. தூங்கிண்டிருப்பா.”

“எப்போ எழுந்துப்பா?”

“நமக்குப் பன்னெண்டரைன்னா அவாளுக்குக் கார்த்தால ஏழு.”

“பன்னெண்டரை” என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறிப் போனார்.

பன்னிரண்டேகாலுக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாமா சபா வேட்டியில். பின்னால் மாமி, அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் மாமாவுடையதும். “நீயும் வா” என்றார் மாமா என்னிடம். “மறுபடி தப்பாப் போனா யாரைப் பிடிக்கறது?” தெருமுனை டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று பேரும் நெருக்கியடித்து நின்றதில் கதவு மூடவில்லை. “நம்பர்?” என்றார் மாமா. மாமி எந்தத் தாளையும் பிரிக்கவில்லை. கடிதத்தில் மட்டுமே பார்த்த, ஒரு நாளும் சுழற்றிப் பார்க்காத அந்த நீள நம்பரை ஸ்லோகம் போலக் கடகடவென்று சொன்னாள்.

மணி அடித்தது. எடுத்தார்கள். மாமா ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். மாமி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்” என்றார் கடைசியில். “அங்க இப்போ கார்த்தால ஏழுதானே?”

பதிலைக் கேட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பி, சரி என்று தலையை ஆட்டினார்.